கூலி கேட்பது சுவிசேஷத்துக்கு வெளியே உள்ள வேலையா?

கடிதம் எழுதிய வாசகி பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயது 34. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம். தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்ட பிறகு, சபை வாலிபர்களோடு அரிசியும் தார்ப்பாயும் கொடுக்கப் போனவர், அங்கே பார்த்த பிள்ளைகளுக்காக ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் மாலை டியூஷன் ஆரம்பித்தார். அது இன்றுவரை நடக்கிறது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் தலித் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள்.

சென்ற சம்பா நடவில்தான் சிக்கல் தொடங்கியது. பேசிய கூலியில் பிடித்தம் செய்து கொடுத்ததாக அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் இவரிடம் வந்து சொன்னார்கள். பிடித்தவர் இவரது சபையின் கமிட்டி உறுப்பினர். இவர் மனு எழுதி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் திருவாரூர் கலெக்டர் அலுவலகத்தில் தானே கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே கூடத்தின் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். ஆயர் கூப்பிட்டு, "கிரியைகளினால் இரட்சிப்பு இல்லை. நம் மிஷனரிமார் சுவிசேஷம் மட்டும்தான் சொன்னார்கள். நீங்கள் அரசியலுக்குள் போகிறீர்கள்" என்றாராம். விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர் ஒருவரோ, "சபையை விட்டு வெளியே வாங்க, அப்புறம்தான் உருப்படியாக ஏதாவது செய்ய முடியும்" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தோழி டியூஷனுக்குப் பணம் அனுப்பத் தயார். பிள்ளைகள் ஜெபிக்கும் படம் மட்டும் மாதாமாதம் வேண்டுமாம்.

கடிதத்தின் கடைசியில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். காலமான அவருடைய அப்பா ஒரு பண்ணையில் காரியக்காரர். கூலி நெல் அளக்கும்போது மரக்காலின் தலையைக் கையால் தட்டிவிட்டு அளப்பார். பண்ணைக்கு வரவேண்டிய நெல்லைக் குவித்து அளப்பார். "அந்த நெல்லில் வளர்ந்தவள் நான். அதைத் தீர்க்கத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றுகிறது. டியூஷன் இல்லாத நாளில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நான் செய்வது சுவிசேஷமா, இல்லையா? இதை விடுவதா, சபையை விடுவதா?"

அன்புள்ள சகோதரி,

இறையியல் படித்து, பல வருடங்களாகச் சபைக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லிவரும் முறையில் பதில் எழுதுகிறேன். சட்டம் பற்றிச் சொல்வது உங்களுக்கு வழி தெரிவதற்காக. கையெழுத்துப் போடுமுன் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவைப் பற்றி எழுதியதைக் கடைசியில், போகிற போக்கில் வைத்திருக்கிறீர்கள். நான் அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் எடுக்கப்போகும் முடிவு அதைப் பொறுத்தது.

அப்பா தலைதட்டி அளந்த நெல்லுக்கு நீங்கள் கடவுளிடம் கணக்குத் தீர்க்க வேண்டியதில்லை. எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாலும் அந்தக் கணக்கு தீரவும் தீராது. ஆயர் உங்களிடம் சொன்ன வசனம் இந்த இடத்தில் உங்களுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது: கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள். தூக்கம் வராத அளவுக்கு ஓடுகிறவருக்கு இது ஆறுதலான செய்தி. ஆயர் அதைத் தடையாகச் சொன்னதால் நீங்கள் அதைக் காதில் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சகேயுவின் கதையை நீங்களே ஞாயிறு பள்ளியில் சொல்லியிருப்பீர்கள். அதில் எது முதலில் நடக்கிறது என்று பாருங்கள். வரி வசூலில் ஊரைச் சுரண்டியவனின் வீட்டுக்கு இயேசு வந்து தங்குகிறார். எந்த நிபந்தனையும் போடவில்லை. அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். பணத்தைக் கொடுத்து அவன் இயேசுவை வீட்டுக்குள் வரவழைக்கவில்லை. ஆனால் அவர் உள்ளே வந்த பிறகு, பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஏழைகளுக்குப் பாதி ஆஸ்தி என்பது தானம், ஏமாற்றியவர்களுக்கு நாலு மடங்கு என்பது நியாயம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறான்.

அப்பா அளந்த காலத்தில் கூலி வாங்கிய குடும்பங்களில் யாராவது இன்னும் ஊரில் இருந்தால், ஒருநாள் அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து, "எங்கப்பா சரியா அளக்கலை, எனக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். ஏதாவது கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள். இதையும் டியூஷனையும் கலக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் உங்கள் அப்பாவின் பாவத்துக்குப் பரிகாரம் அல்ல. வாரத்தில் ஒரு நாள் வேறு யாரையாவது பாடம் எடுக்கவிட்டு நீங்கள் வீட்டில் இருங்கள். முதல் சில வாரம் கஷ்டமாக இருக்கும். பரவாயில்லை.

ஆயர் சொன்னது எவ்வளவு சரி?

ஆயரை எதிராளியாக மட்டும் பார்க்காதீர்கள். நல்லது செய்து இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்று நினைப்பது கிறிஸ்தவம் அல்ல. அதில் அவர் சொல்வது முழுக்கச் சரி. சபை வெறும் நிவாரண நிறுவனமாகிவிடுமோ என்ற பயமும் நியாயமானதுதான். அப்படி ஆன இடங்கள் உண்டு. 1974ல் லோசானில் கூடிய உலக சுவிசேஷ மாநாட்டின் உடன்படிக்கை இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது: சமூகப் பணியே சுவிசேஷ அறிவிப்பு ஆகிவிடாது, அரசியல் விடுதலையே இரட்சிப்பு ஆகிவிடாது, ஆனால் சுவிசேஷம் அறிவிப்பதும் சமூக, அரசியல் பொறுப்பும் கிறிஸ்தவனின் கடமைதான். நம்மூரில் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம்.

ஆயர் மேற்கோள் காட்டிய எபேசியர் இரண்டாம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்பதாம் வசனத்தில் நிறுத்தியிருக்கிறார். பத்தாம் வசனம், நாம் நற்கிரியைகளைச் செய்கிறதற்காகவே கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. கிரியை இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல, இரட்சிப்பின் விளைவு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கலாத்தியர். கிரியையால் அல்ல, விசுவாசத்தால் மட்டுமே என்று பவுல் மிகக் கடுமையாக வாதாடும் கடிதம் அது. அதே கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அவர் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்கிறார். எதற்கு? புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, சில பெரிய மனிதர்கள் வந்ததும் பயந்து விலகி உட்கார்ந்தார். அவ்வளவுதான். பவுல் அதைப் பழக்கவழக்கம், ஊர் விவகாரம் என்று விட்டுவிடவில்லை. "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி" நடக்கவில்லை என்கிறார். காவிரிக் கரையில் வாழ்கிற நமக்கு, யார் யாரோடு உட்காரலாம் என்பது சின்ன விஷயமா? விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு என்று நம்புகிறவர்தான், தனிப் பந்தி கூடாது என்று முதலில் சொல்ல வேண்டியவர்.

கூலிக்கு வேறு வசனமே தேட வேண்டாம். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில், வயல்களை அறுத்த வேலைக்காரருடைய அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தருடைய செவிகளில் பட்டது என்று எழுதியிருக்கிறது. சபை அரிசி மூட்டை கொடுத்தபோது யாரும் உங்களை அரசியல் என்று சொல்லவில்லை. பிடித்த கூலியைக் கேட்டபோதுதான் சொன்னார்கள். இந்த வித்தியாசத்தை ஆயரிடம் மரியாதையாக, தனியாக, நேரடியாகக் கேளுங்கள். அந்தக் கமிட்டி உறுப்பினரின் காணிக்கையை நம்பிச் சபை இருக்கிறது என்றால், ஆயருக்கும் ஒரு நெருக்கடி இருக்கிறது. அதையும் அவர் வாயால் சொல்ல இடம் கொடுங்கள்.

மிஷனரிமார் சுவிசேஷம் மட்டுமா சொன்னார்கள்?

இது தவறான தகவல். அதுவும் உங்கள் வட்டாரத்தில் இருந்துகொண்டு சொல்லக்கூடாத தகவல். 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர். 1708ல் ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகத் தலையிட்டார். அதையொட்டிய தகராறில் டேனிஷ் ஆளுநர் அவரை டான்ஸ்பர்க் கோட்டையில் சுமார் நான்கு மாதம் சிறை வைத்தார். அந்தக் கோட்டை இன்றும் கடற்கரையில் நிற்கிறது. அடுத்த முறை வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே சுற்றுலா போகும்போது இதையும் சொல்லுங்கள்.

தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ். 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலி படையெடுப்பால் சீமையே பஞ்சத்தில் தவித்தது. கோட்டைக்குள் நெல் இல்லை. வெளியே விவசாயிகளிடம் இருந்தும் அவர்கள் கொண்டுவர மறுத்தார்கள். முன்பு கொடுத்ததற்கே ஒழுங்காகக் காசு வரவில்லை. ராஜாவின் வாக்கையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாக்கையும் யாரும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் "நான் பொறுப்பு" என்று சொன்ன பிறகுதான் நெல் வந்தது, அவரும் சொன்னபடி காசு கொடுத்துத் தீர்த்தார். உழைத்தவனுக்குப் பேசியதைக் கொடுப்பவர் என்ற பெயர்தான் அன்று ஒரு ஊரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது.

கதை முழுவதும் இப்படிப் பெருமையாக இல்லை. தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதும் தனித்தனியே நற்கருணை வாங்குவதும் நெடுங்காலம் நடந்தது. 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட வேண்டும் என்று கட்டளையிட்டபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். நியாயத்தைப் பேசினால் ஆட்கள் குறைவார்கள் என்ற பயம் புதிதல்ல. அது நடக்கவும் செய்யும். உங்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை.

கூலித் தகராறு எங்கே போய் முடியும் என்பதையும் உங்கள் மண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழ்வெண்மணி உங்களுக்கு வெகுதூரம் இல்லை. 1968ல், கிறிஸ்துமஸ் அன்று இரவு, ஒரு குடிசைக்குள் 44 தலித் மக்கள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல் அரைப்படி அதிகம் கேட்டதில் தொடங்கிய பகை அது. அடுத்த வருடம், 1969ல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் உங்கள் மனுவைப் பற்றி எச்சரிக்கையாக எழுதுகிறேன்.

மனு கொடுத்தாயிற்று, இனி?

மனுவில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்தீர்கள். ஆனால் அடுத்த நடவில் யாருக்கு வேலை இல்லை என்று சொல்வார்கள்? உங்களுக்கு இல்லை, அந்தப் பெண்களுக்கு. ஆகவே அடுத்த அடியை அவர்கள் தீர்மானிக்கட்டும். எல்லாரையும் உட்காரவைத்து, யார் எந்த வயலில், எத்தனை மா, எந்தத் தேதியில் நட்டார்கள், பேசியது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஒவ்வொருவர் சொன்னதற்கும் கீழே அவரவர் கையெழுத்தோ ரேகையோ. இந்த நோட்டு இல்லாமல் எந்த அலுவலகத்திலும் பேச்சு நிற்காது.

அடுத்த மனு அவர்கள் பெயரில் போகட்டும். பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987ஆம் வருடச் சட்டப்படி இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. தாலுகா நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கே போனால் சமரசமாகவே பணம் வாங்கித் தர வழி உண்டு. கடைசிவரை வழக்காடுவதைவிட, இத்தனை நாளுக்குள் இவ்வளவு தருகிறேன் என்று எழுதி வாங்குவது அந்தப் பெண்களுக்கு உதவும்.

தோழர் சொல்வது போல, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். வெறும் கூலிப் பிடித்தம் தானாக அந்தச் சட்டத்துக்குள் வராது. சாதியைச் சொல்லித் திட்டினார், மிரட்டினார், கட்டாய வேலை வாங்கினார் என்றால் அது வேறு. இன்னொன்று, அந்தப் பெண்களில் சிலர் கிறிஸ்தவர்கள் என்கிறீர்கள். 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, மதம் மாறிய தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஒரே வயலில், ஒரே வரிசையில் நட்ட இரண்டு பெண்களில் ஒருத்திக்கு அந்தச் சட்டம் துணை நிற்கும், இன்னொருத்திக்கு நிற்காது. இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன்; சபைகள் பல காலமாகக் கேட்டும் வருகின்றன. ஆனால் இன்று நிலைமை இதுதான். கூலிக் கோரிக்கை என்றால் இருவரும் சேர்ந்தே நிற்கலாம். அதனால்தான் அதையே முதலில் பிடிக்கச் சொல்கிறேன்.

சிங்கப்பூர்ப் பணமும் ஜெபப் படமும்

தோழி இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தாலோ, அங்குள்ள சபையில் வசூலித்து அனுப்பினாலோ அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் வருட வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது. உங்கள் சேமிப்புக் கணக்கில் போட்டாலும் குற்றம்தான். இதை முதலில் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

படம் வேண்டாம். மதத்தை அறிவிக்க அரசியல் சாசனம் உரிமை தந்திருக்கிறது. ஆனால் அந்த உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002ல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு திரும்பப் பெறப்பட்டாலும், இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் கைகூப்பி நிற்கும் படம் ஒன்று போனில் சுற்றினால் போதும், டியூஷனே நின்றுவிடும்.

சட்டத்தை விடுங்கள். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்கினார். ஒருவன்தான் திரும்பி வந்தான். வராத ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்ப வந்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை. பாடம் பாடத்துக்காக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரலாம் என்று பெற்றோரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். வராவிட்டாலும் கணக்கும் இங்கிலீஷும் அப்படியே நடக்கும் என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவதை அவர்கள் நம்பினால்தான் முதலாவது அழைப்புக்கு மரியாதை. டியூஷனுக்குப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கட்டும்.

கூடத்தின் சாவியைக் கேட்டுவிட்டார்கள், கொடுத்துவிடுங்கள். அது சபையின் சொத்து, அதற்காகச் சண்டை போட்டு உங்கள் தெம்பு வீணாகக் கூடாது. யாராவது வீட்டுத் திண்ணையோ, பஞ்சாயத்துக் கட்டடமோ கேட்டுப் பாருங்கள்.

சபையை விடுவதா என்ற கேள்விக்கு: இப்போது வேண்டாம். சங்கத்துத் தோழரோடு கூலி விஷயத்தில் சேர்ந்து வேலை செய்யுங்கள். அதற்கு விசுவாசத்தை விட வேண்டிய அவசியமில்லை, அவருடைய நிபந்தனையையும் ஏற்க வேண்டியதில்லை. சபைக்குள்ளே அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பேசுங்கள். கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள், தங்கள் விதவைகள் சாப்பாட்டில் ஓரங்கட்டப்படுவதாக முறையிட்டபோது, அப்போஸ்தலர்கள் அவர்களை வாயை மூடச் சொல்லவில்லை. அதைக் கவனிக்க ஏழு பேரை நியமித்தார்கள். ஆயரிடம் நீங்கள் கேட்கலாம்: நீங்கள் வசனம் போதியுங்கள், இதைப் பார்க்க எங்களில் மூன்று பேரை நியமியுங்கள். ஆயர் மறுத்தால் பேராயத்துக்கு எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கும் பதில் வராமல், நற்கருணைப் பந்தியில் உங்களை விலக்குகிற நிலை வந்தால், அப்போது மறுபடி எழுதுங்கள், பேசலாம்.

கணவரைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "பயப்படுகிறார்." அந்தக் கமிட்டி உறுப்பினரும் அவர் சொந்தக்காரர்களும் உரக்கடையில் எவ்வளவு கடன் பாக்கி வைத்திருக்கிறார்கள், அவர்கள் வேறு கடைக்குப் போனால் வீடு எத்தனை மாதம் தாங்கும் என்று இருவரும் இந்த வாரமே உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அடுத்த மனுவைப் பற்றி அதற்குப் பிறகு பேசுங்கள். அவருடைய சம்மதம் இல்லாமல் இரண்டாவது மனுவோடு திருவாரூர் பஸ் ஏறாதீர்கள்.